சர்க்கரை தானாகக் குறைந்ததும், ‘நார்மல்’ என்று வந்த மூன்று கிரியேட்டினின் அறிக்கைகளும்

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 63 வயது. 17 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். சென்ற தை மாதம் வரை வெறும் வயிற்றுச் சர்க்கரை 170, 180 என்றே இருந்து வந்தது. அதன் பிறகு மாத்திரையை யாரும் கூட்டாமலேயே அது 120க்கும், பின்னர் 100க்கும் இறங்கியது. காலையில் இட்லியை விட்டுக் கேழ்வரகுக் கூழுக்கு மாறியதன் பலன் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். உறவினர்கள் சிலருக்கும் அதையே சொன்னோம்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு நாள், விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்து, என்னைச் சித்தியின் பெயர் சொல்லி அழைத்து, கதவு எந்தப் பக்கம் என்று கேட்டார். புடவை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. மீட்டரில் பார்த்தபோது சர்க்கரை 46. ஒரு தம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, பணியில் இருந்த இளம் மருத்துவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும் முன்பே, “அம்மாவுக்குச் சிறுநீரில் நுரை வருகிறதா? கால் வீங்குகிறதா?” என்று கேட்டார். அப்போதுதான் அம்மாவின் காலைக் கூர்ந்து பார்த்தேன். மெட்டி விரலில் அழுந்திப் பள்ளம் விழுந்திருந்தது. கையில் இருந்த வளையலோ தளர்ந்து முழங்கைப் பக்கம் வழுக்கிக்கொண்டிருந்தது.

பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினின் மூன்று ஆண்டுகளுக்கு முன் 0.9, சென்ற ஆண்டு 1.1, இப்போது 1.3. அந்த ஆய்வகம் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பு 0.6 முதல் 1.4 வரை. ஆகவே ஒன்றின் பக்கத்திலும் எந்தக் குறியும் இல்லை. ஒவ்வொரு முறையும் “கிட்னி நன்றாக இருக்கிறது” என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்ற பரிசோதனை இந்த 17 ஆண்டுகளில் ஒரு முறைகூடச் செய்யப்படவில்லை. சர்க்கரை குறைந்ததற்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு என்பதையும், மூன்று அறிக்கைகளில் ஒன்றிலும் இது தெரியாமல் போனது எப்படி என்பதையும் விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஆய்வகத்துளி:

நான் 22 ஆண்டுகளாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறேன். உங்கள் இரண்டாவது கேள்வி என் மேசைக்கு உரியது என்பதால் அதற்கு மட்டும் விடை சொல்கிறேன்.

கிரியேட்டினின் என்பது தசையில் நாள்தோறும் உண்டாகும் கழிவு. ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம் எவ்வளவு வெளியேற்றுகிறது என்பதை மட்டுமல்லாமல், உடலில் எவ்வளவு தசை இருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஆகவே ஆண், பெண், இளைஞர், முதியவர் எல்லோருக்கும் ஒரே வரம்பை அச்சிடுவது தவறான நிம்மதியைத் தரும். கிரியேட்டினின், வயது, பாலினம் கொண்டு சிறுநீரகத்தின் திறனைக் கணக்கிடும் சிகேடி-எபி சூத்திரத்தில் (2021இல் திருத்தப்பட்டது) போட்டுப் பாருங்கள். கிரியேட்டினின் 1.1 உள்ள 25 வயது ஆணுக்கு வடிகட்டும் திறன், அதாவது இ-ஜிஎஃப்ஆர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 95 மில்லி லிட்டர் என்று வரும். அதே 1.1, 62 வயதுப் பெண்மணிக்கு 57 தான். உங்கள் அம்மாவின் மூன்று எண்களையும் அந்தந்த ஆண்டில் அவருக்கு இருந்த வயதோடு சேர்த்துக் கணக்கிட்டேன்: 0.9க்கு 73, 1.1க்கு 57, 1.3க்கு 46. இயல்பு வரம்பை ஒரு முறைகூடத் தாண்டாமலே, மூன்றே ஆண்டுகளில் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவரும் இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

வளையல் தளர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது முக்கியமான செய்தி. தசை கரைந்தவருக்குக் கிரியேட்டினின் குறைவாகவே உண்டாகும். எனவே உண்மையான திறன் 46க்கும் கீழே இருக்கக்கூடும். சிஸ்டாட்டின்-சி என்றொரு பரிசோதனை உண்டு. அந்தப் புரதம் உடலின் உயிரணுக்கள் ஏறத்தாழ அனைத்திலும் உண்டாவதால் தசையின் அளவு அதை அவ்வளவாகப் பாதிக்காது. தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மருந்தும் அதன் அளவை மாற்றும் என்பதால் அவை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனிச் சிறுநீர். சாதாரணச் சோதனைப் பட்டையில் ‘புரதம் இல்லை’ என்று வந்தால் போதாது. தொடக்கநிலைக் கசிவு அந்தப் பட்டைக்குப் பிடிபடாது. ஒரு முறை பிடித்த சிறுநீரில் ஆல்புமினையும் கிரியேட்டினினையும் அளந்து விகிதம் காண வேண்டும். நிறையத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும், குடிக்காதவருடையது அடர்ந்திருக்கும். அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டவே கிரியேட்டினினால் வகுக்கிறோம். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லி கிராமுக்குக் கீழ் இருந்தால் இயல்பு; 30 முதல் 300 வரை கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள்; 300க்கு மேல் கடுமையான கசிவு.

கசிவு சற்று மிகுந்துவிட்டால் அதைக் கண்டறியப் பெரிய கருவி வேண்டும் என்றும் இல்லை. 1990களின் பிற்பகுதியில் சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி சூனாம்பேட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடத்திய திட்டத்தில், உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்று வீடுவீடாகச் சென்று, சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சில துளிகள் விட்டு, புரதம் இருந்தால் அது பால்போல் கலங்குவதைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். ரத்த அழுத்தமும் அளந்தார்கள். நான் மாணவனாக இருந்தபோது அந்தக் கலங்கலைச் சோதனைக் குழாயில் முதன்முதலில் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. தெளிந்த மஞ்சள் நீரில் வெண்புகை சுருண்டு இறங்குவது போல இருக்கும்.

வடிமுடிச்சு:

நான் சிறுநீரகப் பிரிவில் பணியாற்றும் மருத்துவன். நோயாளியைப் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன். காரணங்களை மட்டும் விளக்குகிறேன்.

ரத்தத்தில் சுற்றும் இன்சுலினில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சிதைத்து அகற்றுவது சிறுநீரகம். அது பழுதுபடும்போது, உடலில் சுரந்த இன்சுலினானாலும் ஊசியில் போட்ட இன்சுலினானாலும், நெடுநேரம் ரத்தத்திலேயே தங்கி வேலை செய்துகொண்டிருக்கும். இரவில் நாம் பட்டினி கிடக்கும்போது கல்லீரலோடு சேர்ந்து சிறுநீரகமும் புதிதாகக் குளுக்கோஸ் உண்டாக்கி ரத்தத்தில் விடுகிறது. அந்த வரவும் குறைந்துபோகும். இவற்றோடு பசியின்மையும் சேர்ந்து, நோயாளி கிளிபென்கிளமைடு போன்ற பழைய மாத்திரையையும் எடுத்துக்கொண்டிருந்தால், அந்த மருந்து சிதைந்து உண்டாகும் பொருள்களும் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் உடையவை, சிறுநீரகம் வழியாகவே வெளியேற வேண்டியவை என்பதால், அவை நாளுக்கு நாள் தேங்கும். விடியற்காலை மூன்று மணிக்கு 46 வந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். நெடுங்காலச் சர்க்கரை நோயாளிக்கு மருந்தோ உணவோ பெரிதாக மாறாமல் சர்க்கரை இறங்கினால், நான் மகிழ்வதற்கு முன் கிரியேட்டினினையும் சிறுநீரையும் பார்த்துவிடுவேன். உங்கள் அம்மா எந்த மாத்திரை எடுக்கிறார் என்பதை இன்றே பார்த்து, அவருடைய மருத்துவரிடம் உடனே பேசுங்கள்.

சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி நன்றாக இருக்கிறது என்பதையும் இந்த நிலையில் முழுமையாக நம்ப இயலாது. சிவப்பணு ரத்தத்தில் வாழும் காலத்தில் அதன்மேல் எவ்வளவு சர்க்கரை படிந்தது என்பதே அந்த எண். முற்றிய சிறுநீரக நோயில் சிவப்பணுக்கள் விரைவில் அழிகின்றன. ரத்தசோகைக்கு எரித்ரோபாய்ட்டின் (சிவப்பணு உண்டாகத் தூண்டும் ஹார்மோன்) ஊசி போட்டால் இளம் அணுக்கள் மிகுகின்றன. இரண்டுமே அந்த எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

சர்க்கரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன், சிகிச்சை அதிலிருந்தே பிறந்தது. நலமான சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவைத் தவிர மற்றதைத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. வடிந்த குளுக்கோஸைத் திரும்ப இழுக்கும் எஸ்ஜிஎல்டி-2 என்னும் கடத்தி, கூடவே உப்பையும் இழுக்கிறது. சர்க்கரை மிகும்போது இந்த இழுப்பும் மிகுவதால், சிறுநீரக நுண்குழாயின் கடைப்பகுதியில் உள்ள உணரி உயிரணுக்களுக்கு உப்பு குறைவாகவே போய்ச் சேர்கிறது. வடிகட்டல் போதவில்லை என்று அவை தவறாகப் புரிந்துகொண்டு, வடிகட்டி முடிச்சுக்குள் (ரத்தத்தை வடிக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுருள்) வரும் தமனியை விரித்துவிடுகின்றன. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. தொடக்க ஆண்டுகளில் இதனால் இ-ஜிஎஃப்ஆர் இயல்பைவிடக் கூடுதலாகக்கூடத் தெரியும்; அறிக்கை சிறப்பாக இருப்பதாகத் தோன்றும் அந்தக் காலத்திலேயே முடிச்சுகள் தழும்பேறத் தொடங்குகின்றன. அப்போது முதலில் தெரியும் அடையாளம் பெரும்பாலும் சிறுநீரில் ஆல்புமின்தான்.

வன்னிமண்:

மேலே எழுதியவற்றோடு எனக்கு ஓர் இடத்தில் உடன்பாடில்லை. சிறுநீர்ப் புரதம்தான் முதல் அடையாளம் என்பது நீரிழிவுக்குப் பொருந்தலாம். எல்லாச் சிறுநீரக நோய்க்கும் பொருந்தாது.

எங்கள் ஊர் வவுனியா மாவட்டத்தின் தென் எல்லையில் இருக்கிறது. அப்பா நெற்செய்கை பண்ணியவர். நீரிழிவு இல்லை, குருதி அமுக்கம் இல்லை, கால் வீக்கம் இல்லை. நடமாடும் சிகிச்சை முகாமில் சிறுநீர்ப் பட்டை சுத்தமாகவே இருந்தது. குருதியில் கிரியேட்டினின் மட்டும் 2.1. ஸ்கான் பண்ணியபோது இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கியிருந்தன. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று வைத்தியர் சொன்னார். 1990களிலிருந்து அநுராதபுரம், பொலனறுவை மாவட்டங்களில், குறிப்பாக மெதவச்சி, பதவியாப் பக்கங்களில் விவசாயிகளைத் தாக்கிவரும் நோய் இது. எல்சல்வடோர், நிகரகுவா நாடுகளின் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடமும், ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதைப் போன்ற நோய் உண்டு. கிணற்று நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும், பூச்சிநாசினி, வெயிலில் நீர் வற்றி உழைப்பது என்று பல காரணங்கள் ஆராயப்பட்டன. 2015இல் கிளைபோசேட் களைநாசினியைக்கூட இலங்கையில் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள். ஒரே காரணம் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை. எங்கள் பக்கத்து விவசாயி ஒருவர் பட்டையில் புரதம் இல்லை என்பதைக் கேட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வடிமுடிச்சு:

வன்னிமண் ஐயா சொல்வது முற்றிலும் சரி. ‘பெரும்பாலும்’ என்று நான் எழுதியது நீரிழிவைப் பற்றி மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு வந்தது வடிகட்டி முடிச்சைக் காட்டிலும், குழாய்களையும் அவற்றின் இடைத்திசுவையும் அரிக்கும் நோய். முடிச்சின் சுவர் ஓரளவு காப்பாக இருப்பதால் ஆல்புமின் அதிகம் கசிவதில்லை. ஆகவே ரத்தம், சிறுநீர் இரண்டையும் பார்க்காமல் சிறுநீரகம் நலம் என்று யாரையும் அனுப்பக் கூடாது. சிறுநீரக நோய்க்கான பன்னாட்டு அமைப்பான கேடிகோவின் வழிகாட்டி நெறிகள் நோயின் நிலையை இ-ஜிஎஃப்ஆர், ஆல்புமின் என்று இரண்டு அச்சுகளில் குறிப்பது இதனால்தான். கோளாறு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் அவை நாட்பட்ட நோய் என்று பெயரிடுகின்றன.

பணிநிறைவு:

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். ஆல்புமின் கசிவுக்காக எனக்கு டெல்மிசார்ட்டான் என்னும் ரத்த அழுத்த மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் கிரியேட்டினின் 1.2இலிருந்து 1.4 ஆயிற்று. சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தே அதைக் கெடுப்பதாகத் தோன்றியதால் நானே நிறுத்திவிட்டேன். இப்படி நடந்தது எனக்கு மட்டும் அல்ல, என் நண்பர் ஒருவருக்கும் நேர்ந்தது. இதற்கு மருத்துவர்கள் நேரான விடை சொல்வதில்லை.

வடிமுடிச்சு:

நேரான விடை சொல்கிறேன், ஐயா. அந்த மருந்து வடிகட்டி முடிச்சிலிருந்து வெளியேறும் தமனியைத் தளர்த்தி, உள்ளே மிகுந்திருக்கும் அழுத்தத்தை இறக்குகிறது. அழுத்தம் இறங்கினால் வடிகட்டலும் சற்றுக் குறையும்; கிரியேட்டினின் சற்று ஏறும். மருந்து தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அது அடையாளம். உங்களுக்கு ஏறியது ஏறத்தாழ 17 விழுக்காடு. 30 விழுக்காட்டுக்குள் ஏறி நிலைத்துவிட்டால் பொதுவாக மருந்தைத் தொடரலாம். அதற்கு மேல் போனாலோ, பொட்டாசியம் அளவு மீறினாலோ காரணம் தேட வேண்டும். சிறுநீரகத் தமனி இரண்டு பக்கமும் சுருங்கியிருப்பது அவற்றுள் ஒன்று. மருந்தைத் தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் இந்த இரண்டையும் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். முன்பு நான் சொன்ன குளுக்கோஸ் கடத்தியைத் தடுக்கும் எஸ்ஜிஎல்டி-2 தடுப்பு மருந்துகளிலும் தொடக்கத்தில் வடிகட்டலில் இதே இறக்கம் உண்டு. ஆனாலும் 2019இல் வெளிவந்த கிரெடன்ஸ், 2020இல் வெளிவந்த டாப்பா-சிகேடி ஆய்வுகளில், அம்மருந்தை எடுத்தவர்களின் சிறுநீரகமே எடுக்காதவர்களுடையதைவிட நெடுநாள் தாக்குப்பிடித்தது. உங்களிடம் இதை முன்கூட்டியே சொல்லாதது மருத்துவத் தரப்பின் குறை. தயவுசெய்து மருத்துவரைப் பார்த்து மருந்தை மீண்டும் தொடங்குவது பற்றிப் பேசுங்கள்.

வைகைத்தாய்:

என் கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நோய் முற்றியபோது உடல் முழுவதும் என்னென்ன தடுமாறும் என்பதை வீட்டில் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் மூச்சு. சளி இல்லை, இருமல் இல்லை. ஆனால் படுத்திருக்கும்போதே ஓடி வந்தவர் போல ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு விட்டார். ஆஸ்துமா என்று நினைத்து இரண்டு இடங்களில் மருந்து வாங்கினோம். மூன்றாவது இடத்தில் ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் பார்த்தார்கள், மிகக் குறைவாக 13 என்று வந்தது. நாம் சாப்பிடுவதிலிருந்து நாள்தோறும் சேரும் அமிலத்தைச் சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் போனதால் ரத்தம் புளித்திருக்கிறது, அந்த அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியே தள்ளத்தான் நுரையீரல் இவ்வளவு பாடுபடுகிறது என்று மருத்துவர் விளக்கினார். எலும்பின் சுண்ணாம்பையும் தசையையும் அந்த அமிலம் தின்றுகொண்டிருக்கும் என்றும் சொன்னார். சோடா மாத்திரை தொடங்கிய சில நாள்களில் மூச்சு அடங்கியது.

அடுத்தது பொட்டாசியம். சென்ற சித்திரையில் வெயில் தாங்காமல் இரண்டு இளநீர் குடித்தார். உடம்புக்குக் குளிர்ச்சி என்று நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அன்று மாலை கால்கள் துவண்டு, மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். பொட்டாசியம் 6.9. இசிஜி தாளில் கூடாரம் போல உயர்ந்து நின்ற கூர் அலைகளைக் காட்டிய மருத்துவர், இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார். இப்போது காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கிறேன். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கும் பாக்கெட்டில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம்தான் இருக்கும். சிறுநீரக நோயாளி இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

அரிப்பும் எலும்பு வலியும் பாஸ்பரஸ் மிகுந்து பாராதைராய்டு சுரப்பி தூண்டப்படுவதால் வருவதுண்டு. ரத்தம் ஊறாமல் போவது எரித்ரோபாய்ட்டின் குறைவதால். எல்லாம் ஒரே உறுப்பின் வேலைகள் என்பதை, அது நின்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தாய்மாமன்:

சர்க்கரை, அழுத்தம் இல்லாத வளர்சிதைமாற்றக் காரணம் ஒன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். என் தங்கை மகனுக்கு நான்கு வயதில் இரண்டு சிறுநீரகங்களிலும் கல். மூன்று முறை கல்லை எடுத்தார்கள். ஏன் வருகிறது என்று பார்க்கவில்லை. ஏழு வயதில்தான் 24 மணி நேரச் சிறுநீரில் ஆக்சலேட் அளந்து, மரபணுப் பரிசோதனையும் செய்து, முதன்மை ஹைப்பர்ஆக்சலூரியா என்று கண்டுபிடித்தார்கள். குறை இருப்பது கல்லீரலின் ஒரு நொதியில். அதனால் கல்லீரல், கல்லாகப் படியும் ஆக்சலேட்டை அளவுக்கு மீறி உண்டாக்க, அடிபடுவது சிறுநீரகம். சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால் புதியதிலும் ஆக்சலேட் படியும் என்பதால் நோய்ப் பெயரை முதலில் அறிவது இன்றியமையாதது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் வரும் நோய் இது. எங்கள் வீட்டில் நடந்தது உறவுத் திருமணம். சிறு குழந்தைக்குக் கல் என்றால், கல்லை எடுத்ததோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அம்மா எடுத்துவந்த மாத்திரை கிளிபென்கிளமைடுதான். அன்றே மருத்துவர் அதை நிறுத்திவிட்டார். புதிய பரிசோதனை முடிவுகள்: கிரியேட்டினின் 1.4, அதன்படி இ-ஜிஎஃப்ஆர் 42. சிஸ்டாட்டின்-சி கொண்டு கணக்கிட்டால் 35. ஆல்புமின் விகிதம் 640. பைகார்பனேட் 20, பொட்டாசியம் 4.9, ஹீமோகுளோபின் 9.8. கண் மருத்துவர் விழித்திரையில் சர்க்கரையின் பாதிப்பு இருப்பதாகச் சொன்னார். ஆகவே சிறுநீரகப் பாதிப்புக்கும் சர்க்கரையே காரணமாக இருக்கும், இப்போதைக்குத் திசுப் பரிசோதனை வேண்டியதில்லை என்று சிறுநீரக மருத்துவர் முடிவு செய்தார். டெல்மிசார்ட்டான் குறைந்த அளவில் தொடங்கியிருக்கிறார். மூன்று வாரம் கழித்துப் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்த்த பின் எஸ்ஜிஎல்டி-2 தடுப்பு மருந்து சேர்ப்பதாகச் சொன்னார். பணிநிறைவு ஐயாவின் கேள்வியைப் படித்திருந்ததால், கிரியேட்டினின் சற்று ஏறக்கூடும் என்று அவர் சொன்னபோது நாங்கள் அஞ்சவில்லை.

கூழைக் குறித்து உறவினர்களுக்குச் சொன்னதைத் தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அவர்களுள் என் பெரியப்பா மகனுக்கு 41 வயது. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை. அவருக்கும் ஆல்புமின் பார்த்ததில்லை. நாளை காலை கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். எப்படிக் கொடுக்க வேண்டும்?

ஆய்வகத்துளி:

காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீர் சிறந்தது. தொடக்கத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்லுங்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும், முந்தைய நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்திருந்தாலும் ஆல்புமின் தற்காலிகமாகக் கூடிவிடும் என்பதால், அப்படி ஏதேனும் இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடலாம். 30க்கு மேல் வந்தால் பதற வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பார்த்து, மூன்றில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் கசிவு உறுதி. கிரியேட்டினினும் அதே நாளில் கொடுக்கட்டும். இதற்கு முன் எடுத்த அறிக்கைகள் வீட்டில் எங்கே இருந்தாலும் தேடி எடுத்து, எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே தாளில் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.